மூச்சைக் கற்றுத் தந்தவருக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், மொட்டை மாடியில் பாய் விரித்து அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு யோகா சொல்லித் தருகிறார். நெடுநாள் தூக்கமின்றித் தவித்த நான், அவர் கற்றுத் தந்த மூச்சுப் பயிற்சிக்குப் பிறகுதான் நிம்மதியாக உறங்குகிறேன். அவர் கட்டணம் வாங்குவதில்லை. புடவை எடுத்துக் கொடுத்தாலும் மறுத்துவிடுகிறார். அவருக்கு எப்படி நன்றி செலுத்துவது? மூச்சை இழுத்துவிட்டால் தூக்கம் வந்துவிடுமா என்று கேலி செய்யும் என் கணவருக்கு என்ன பதில் சொல்வது?
- ஒரு வாசகி, கும்பகோணம்.

பதில்: உங்களைப் போலவே தூக்கத்தைத் திரும்பப் பெற்ற ஒரு பெண்மணியின் நன்றிதான், ஒரு பொறியாளரை யோக ஆசிரியராக்கியது. மைசூர் அரண்மனையில் பல்லாண்டுகள் யோகம் பயிற்றுவித்துப் பின்னர் சென்னைக்குக் குடிவந்த திருமலை கிருஷ்ணமாசாரியாரின் வீட்டு வாசலில், 1960-களின் தொடக்கத்தில் ஒரு நாள் பெரிய கார் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து இறங்கி ஓடிவந்த வெளிநாட்டுப் பெண்மணி, ஆசாரம் தவறாத அந்த வைணவப் பெரியவரை எல்லோரும் பார்க்கக் கட்டித் தழுவிக்கொண்டார். பொறியியல் படிப்பை முடித்திருந்த மகன் தேசிகாசார் திகைத்துப்போய்க் காரணம் கேட்க, பல ஆண்டுகளுக்குப் பிறகு முந்தைய இரவுதான் அவர் மருந்தில்லாமல் உறங்கினார் என்று தந்தை விளக்கினாராம். அதுவரை தந்தையின் கலையில் பெரிய நாட்டமில்லாத தேசிகாசார், அதன்பின் அவரிடமே மாணவராகச் சேர்ந்து, 1976-இல் அவர் பெயரிலேயே கிருஷ்ணமாசாரிய யோக மந்திரம் என்ற யோக நிலையத்தைச் சென்னையில் நிறுவினார்.

கணவரின் ஐயத்தைக் கோபமின்றி எதிர்கொள்ளுங்கள், அது நியாயமானதே. அவரை அமைதியாக உட்காரவைத்து, மணிக்கட்டு நாடியில் விரலை வைத்தபடி மெதுவாக மூச்சு விடச் சொல்லுங்கள். மூச்சை உள்ளிழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதையும் வெளிவிடும்போது தணிவதையும், வயதைப் பொறுத்துக் கூடவோ குறையவோ, அவரே உணரக்கூடும். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு, வெளிமூச்சின்போது இதயத்துக்குக் கடிவாளம் போடுவதே இதற்குக் காரணம். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை வரை மூச்சு விடுகிறோம். பழகிய ஆசிரியர் அதை 6 வரை குறைத்து, வெளிமூச்சை நீட்டச் செய்யும்போது, உடல் பரபரப்பிலிருந்து ஓய்வு நிலைக்கு நகர்கிறது. தூக்கம் வராமல் புரள்பவருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் அந்த நகர்வுதான்.

நன்றியைப் பொறுத்தவரை, புடவையை மறுத்தவரிடம் வேறு பரிசை நீட்டுவதில் பயனில்லை. நாளை காலை கொஞ்சம் முன்னதாகப் போய்ப் பாய்களை விரித்து வையுங்கள். உங்கள் உறக்கம் எப்படி மாறியது என்பதை, புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களின் முன்னிலையில் அவரிடம் சொல்லுங்கள். பள்ளி ஆசிரியையாக இருந்தவருக்கு மாணவியின் தேர்ச்சியைக் காதால் கேட்பதைவிட உவப்பானது வேறு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: பூரகம் (உள்ளிழுப்பது) 16, கும்பகம் (அடக்குவது) 64, ரேசகம் (வெளிவிடுவது) 32 மாத்திரைக் கால அளவு என்று திருமந்திரம் கணக்குச் சொல்கிறது. எங்கள் ஆசிரியரோ மூச்சை அடக்கவே விடுவதில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் கூட வேண்டுமானால் அடக்கத்தானே வேண்டும்?
- ஒரு வாசகர், காரைக்குடி.

பதில்: உங்கள் ஆசிரியருக்கும் ஒரு நன்றி சொல்லிவிடுங்கள். திருமூலர் சொல்வது தேர்ந்த சாதகனுக்குரிய கணக்கு. முதல் வகுப்பிலேயே அதை எட்டிப் பிடிக்க முயல்வது நெஞ்சுக்கும் தலைக்கும் தொல்லை. ஆக்சிஜன் பற்றிய எண்ணமும் சரியன்று. நலமாக இருப்பவரின் இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு ஏற்கெனவே 95 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால், அதில் கூட்டுவதற்கு அதிகம் இடமில்லை. மூச்சை அடக்கும்போது ஏறுவது கரியமில வாயுதான். உயர் இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கும்பகத்தையும், வேகமாகச் செய்யும் கபாலபாதி, பஸ்திரிகா ஆகிய மூச்சுப் பயிற்சிகளையும் தவிர்க்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் பயிற்சியை நம்பி இன்ஹேலரை நிறுத்திவிடக் கூடாது. இப்போதைக்கு வெறும் வயிற்றில், நான்கு எண்ணும் வரை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் வரை வெளிவிட்டுப் பழகுங்கள். தலை சுற்றினால் உடனே நிறுத்தி, இயல்பான மூச்சுக்குத் திரும்பி, மறுநாள் அதை ஆசிரியரிடம் சொல்லுங்கள்.