டேம் வவ்வாலுக்குப் பல் உண்டா? மீன் வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் தெருவுக்கு வண்டியில் மீன் கொண்டுவருபவர் 'டேம் வவ்வால்' என்று ஒன்றை விற்கிறார். கடல் வவ்வால் விலையோடு பார்த்தால் மிகக் குறைவு. அதே வவ்வால்தான், அணையில் வளர்ந்தது என்கிறார். வாங்கலாமா? (வாசகி, வேலூர்)

பதில்: வாங்கலாம். வவ்வால் என்று நம்பி வாங்க வேண்டாம், அவ்வளவுதான். அணையில் வவ்வால் வளராது. அது கடல் மீன். உங்கள் வண்டிக்காரர் விற்பது ரூப்சந்த். தென் அமெரிக்க ஆற்று மீன், பிரானாவுக்குப் பங்காளி. வங்கதேசம் வழியாக நம் நாட்டுக்குள் வந்து, இன்று ஆந்திரக் குளங்களில் லாரி லாரியாக விளைகிறது.

அடுத்த முறை அவர் வரும்போது ஒரு மீனைக் கையில் எடுத்து, கட்டை விரலால் வாயைத் திறந்து பாருங்கள். மனிதப் பல் மாதிரியே வரிசையாக இருக்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. கொட்டையையும் பழத்தையும் கடித்துத் தின்பதற்கான பல் அது. வாயைத் திறக்கக் கூச்சமாக இருந்தால் முதுகைப் பாருங்கள். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே சதைத் துணுக்கு போல ஒரு குட்டித் துடுப்பு இருக்கும். வவ்வாலுக்கு அது கிடையாது. ரூப்சந்துக்கு வயிற்றுக்கடியில் ஒரு ஜோடித் துடுப்பும் உண்டு. வளர்ந்த வெள்ளை வவ்வாலுக்கு அதுவும் இல்லை. வயிற்றுச் சிவப்பை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், மீன் பெரிதானால் வெளுத்துவிடும்.

சதை கெட்டியாக இருக்கும், வறுவலுக்கு நன்றாக வரும். சில குளத்து மீனில் மண்வாடை அடிக்கும். கல்லுப்பும் மஞ்சளும் போட்டு உரசிக் கழுவினால் கொஞ்சம் குறையும். முக்கியமாக ஒன்று: நடுமுள் தவிர சதைக்குள்ளும் கவட்டை முள் உண்டு. வவ்வால் என்று நினைத்து, முள் பார்க்காமல் குழந்தைக்கு ஊட்டிவிடாதீர்கள்.

ரூப்சந்த் விலைக்கு ரூப்சந்த் வாங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஹோட்டலில் 'வவ்வால் ஃப்ரை' என்று மெனுவில் போட்டு இதை வைத்தால் அது ஏமாற்று. பில்லை வாங்கி வைத்துக்கொண்டு உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: வாரச் சந்தையில் தொட்டியில் உயிரோடு கெளுத்தி விற்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை, இரண்டு கிலோ. நாட்டு மீன் என்கிறார்கள். உயிரோடு இருப்பதால் நல்ல மீன்தானே? (வாசகர், தருமபுரி)

பதில்: எடையே பதில் சொல்லிவிட்டது. நம் ஊர்த் தேளி, அதாவது நாட்டுக் கெளுத்தி, கடைக்கு வரும்போது பெரும்பாலும் அரை கிலோவைக்கூடத் தொடாது. தொட்டி நிறைய இரண்டு கிலோ மீன் என்றால் அது ஆப்பிரிக்கக் கெளுத்தி. உடம்பில் திட்டுத் திட்டாகப் பளிங்கு போன்ற நிறம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இதை வளர்க்கவும் விற்கவும் தடை இருக்கிறது. 1990களின் கடைசியிலேயே மத்திய அரசு தடுத்தது, அப்புறம் பசுமைத் தீர்ப்பாயமும் உத்தரவு போட்டது. நம் மாவட்ட ஆட்சியர்கள் குளங்களை அழிக்கச் சொல்லி அவ்வப்போது அறிவிப்பு விடுகிறார்கள். விற்பனை மட்டும் நிற்கவில்லை.

உயிரோடு இருப்பது இந்த மீன் விஷயத்தில் எதற்கும் சான்று இல்லை. இது காற்றையும் சுவாசிக்கும். கறுத்துப்போன ஒரு பக்கெட் தண்ணீரிலும் வாலாட்டிக்கொண்டு கிடக்கும். அதனால்தான் கோழிக்கடைக் கழிவைக் கொட்டி வளர்ப்பவர்களுக்கு இது வசதி. மழைக்காலத்தில் குளம் நிரம்பினால் வெளியேறி, ஈரத் தரையில் ஊர்ந்து அடுத்த நீர்நிலைக்குப் போய்விடும். அங்கே குஞ்சு மீன், தவளை எதையும் விடாது. வாங்காதீர்கள். மாவட்ட மீன்வள உதவி இயக்குநர் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

தோலுரித்துத் துண்டாக்கி 'விரால்' என்று இதையே கொடுப்பவர்களும் உண்டு. விராலுக்குச் செதில் உண்டு, தலை பாம்புத் தலை போல இருக்கும். கெளுத்திக்குச் செதிலே இல்லை. விரால் விலை கொடுப்பதானால் முழு மீனைப் பார்த்து, உங்கள் கண்ணெதிரே வெட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: கிஃப்ட் திலாப்பியா மரபணு மாற்றிய மீன், ஹார்மோன் ஊசி போட்டது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. ஏரி ஜிலேபி மீனும் இதுவும் ஒன்றா? (வாசகி, கிருஷ்ணகிரி)

பதில்: நெருங்கிய சொந்தம், ஆனால் ஒன்றல்ல. ஏரியில் கிடைக்கும் ஜிலேபி மொசாம்பிக் இனம், 1952-இல் இந்தியாவுக்குள் வந்தது. குஞ்சுகளை வாயில் வைத்துக் காக்கிற தாய் மீன் அது. சீக்கிரமே சினைப்படும், திரும்பத் திரும்பக் குஞ்சு பொரிக்கும். ஏரி நிறைய மீன் இருக்கும், எல்லாம் உள்ளங்கை அகலம்தான். கிஃப்ட் என்பது நைல் திலாப்பியா. 1988-இல் பிலிப்பைன்ஸில் தொடங்கி, நன்றாக வளரும் மீன்களையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து இனம் சேர்த்து உருவாக்கியது. நல்ல காளையைப் பார்த்து இனம் சேர்ப்பது போலத்தான். மரபணுவை வெட்டி ஒட்டிய வேலை இல்லை. குஞ்சு உற்பத்தி உங்கள் மாவட்டத்துப் பாரூரிலேயே நடக்கிறது.

ஹார்மோன் விஷயத்தில் பாதி உண்மை. ஊசி கிடையாது. பண்ணைக்கு ஆண் மீன் மட்டும் வேண்டும் என்பதால், குஞ்சாக இருக்கும் முதல் சில வாரம் தீவனத்தில் கலந்து கொடுப்பார்கள். அதன் பிறகு பல மாதம் வளர்ந்துதான் சந்தைக்கு வரும், அதற்குள் அது உடம்பை விட்டுப் போய்விடும். நான் வீட்டுக்கு வாங்குகிறேன். எந்தத் தண்ணீரில் பிடித்தது என்று கேட்காமல் மட்டும் வாங்க மாட்டேன். சாக்கடை கலக்கும் ஏரி ஜிலேபியைவிடப் பண்ணை மீன் எவ்வளவோ மேல்.

கேள்வி: கட்லா, ரோகு இரண்டும் நாட்டு மீன்தானே? (வாசகர், கரூர்)

பதில்: இந்திய மீன். காவிரி மீன் இல்லை. கங்கைப் பக்கத்து இனங்கள், குஞ்சாக இங்கே கொண்டுவந்து விட்டவை. 1957-இல் ஒடிசாவில் மீன்வள விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரி ஊசி மூலம் கெண்டைகளை முட்டையிட வைத்த பிறகு குஞ்சுக்குப் பஞ்சமில்லாமல் போயிற்று. காவிரிக்கே உரியது வேண்டுமென்றால் ஆற்றோரத்தில் கருமுழிக் கெண்டை கிடைக்கிறதா என்று கேளுங்கள். கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

கேள்வி: மீன் தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கிய டேங்க் கிளீனர் மீன் ஒரு அடிக்கு வளர்ந்துவிட்டது. ஏரியில் விடலாமா? (வாசகர், சென்னை)

பதில்: கூடாது. உங்களைப் போல இரக்கப்பட்டவர்கள் விட்டதுதான் இன்று சென்னை ஏரிகளில் வலை போடுகிறவர்களுக்குத் தலைவலி. உடம்பு முழுக்க முள்ளுக் கவசம், வலையைக் கிழிக்கும், கரையைக் குடைந்து முட்டையிடும், சந்தையில் வாங்க ஆளும் இல்லை. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பணம் கிடைக்காது, மீனை எடுத்துக்கொண்டாலே போதும்.