முதல் குளிருக்கு ஒரு டவுன் ஜாக்கெட்

தம்பி, வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, பேருந்து நிறுத்தத்தில் பத்து நிமிடம் நிற்க முடியவில்லை, எந்த டவுன் ஜாக்கெட் வாங்குவது, கடையில் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். இங்கே எனக்கு இது 14ஆவது குளிர்காலம். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

டவுன் என்பது வாத்தின் இறகுக்கு அடியில், உடம்பை ஒட்டி இருக்கும் தூவி. அது தானாகச் சூடு தராது. பஞ்சுபோல உப்பி நின்று காற்றைப் பிடித்து வைக்கும். அந்தக் காற்றுதான் உங்கள் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. இது மனதில் இருந்தால் மற்றதெல்லாம் சுலபம்.

லேபிளில் ஃபில் பவர் 600, 800 என்று போட்டிருப்பார்கள். ஒரு அவுன்ஸ் தூவி, அதாவது சுமார் 28 கிராம், உப்பினால் எத்தனை கன அங்குலம் இடத்தை நிரப்பும் என்பதன் கணக்கு அது. எண் கூடினால் தூவி உசத்தி, ஜாக்கெட்டும் எடை குறைவு. ஆனால் உள்ளே எத்தனை கிராம் அடைத்திருக்கிறார்கள் என்பதைக் கட்டாயம் கேளுங்கள். 800 தூவி 80 கிராம் இருப்பதைவிட 600 தூவி 200 கிராம் இருப்பது நன்றாகவே குளிர் தாங்கும். பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். 90/10 என்றிருந்தால் தூவி 90 பங்கு, இறகு 10 பங்கு. 80/20 இருந்தாலும் தாராளமாக வாங்கலாம்.

அடுத்து தையல். கட்டம் கட்டமாக இருக்கும் தையல் கோட்டை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். வெறும் இரண்டு துணி மட்டும் கையில் பட்டால், அந்தக் கோடு முழுக்கக் காற்று ஏறும். லேசான குளிருக்கு அது போதும். மைனஸ் 15, 20 என்று போகும் ஊரானால், நடுவில் துணிச்சுவர் வைத்துப் பெட்டி பெட்டியாகத் தைத்ததைத் தேடுங்கள்.

அளவு விஷயத்தில் நான் தப்பு செய்தேன். உடம்பைப் பிடித்தாற்போல் அழகாக இருந்தது என்று ஒன்றை வாங்கினேன். உள்ளே ஸ்வெட்டர் போட்டதும் தோளிலும் முதுகிலும் தூவி அமுங்கிவிட்டது. அந்த இடங்களில் மட்டும் ஈரத்துணி ஒட்டியதுபோலச் சில்லிட்டது. அதனால் தடித்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டே கடைக்குப் போங்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் இடுப்பு தெரியக்கூடாது. அலுவலகத்துக்கு பிளேசர் போடுகிறவர் என்றால் அதன் ஓரத்தையும் மறைக்கும் நீளம் வேண்டும். தலையோடு ஒட்டி நிற்கும் ஹூட், ஜிப்புக்குப் பின்னால் ஒரு துணிப்பட்டை, மணிக்கட்டில் எலாஸ்டிக், இந்த மூன்றையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கடுங்குளிரில் விழும் பனி உலர்ந்தது, தட்டினால் உதிர்ந்துவிடும். 0 டிகிரியை ஒட்டி மழையும் பனியுமாகக் கொட்டும் நாள்தான் மோசம். நனைந்த தூவி கட்டியாகச் சுருண்டுவிடும். பிறகு காற்று எங்கே நிற்கும்? உங்கள் ஊரில் அப்படிப்பட்ட நாள்கள் அதிகமானால் மேல்துணி நீர் புகாததாக இருக்கட்டும், இல்லையென்றால் செயற்கை இழை அடைத்ததையே வாங்குங்கள். அது நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு, நின்றதும் நடுங்க வைக்கும். மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ போடுங்கள்.

ஓர் இறகு வெளியே எட்டிப் பார்த்தால் பிடித்து இழுக்காதீர்கள், ஓட்டை பெரிதாகும். உள்பக்கத்திலிருந்து மெல்ல உள்ளே இழுத்துவிடுங்கள். துவைத்தால் துணி உலர்த்தும் இயந்திரத்தில் குறைந்த சூட்டில், இரண்டு டென்னிஸ் பந்துகளைச் சேர்த்துப் போட்டு உலர்த்துங்கள். பந்து அடிக்க அடிக்கக் கட்டி உடையும். விரலால் தடவும்போது ஒரு கட்டி தட்டுப்பட்டாலும் இன்னொரு சுற்று ஓட விடுங்கள்.

வாங்கும் முன் உள்பக்க லேபிளைப் படமெடுத்து அனுப்புங்கள் தம்பி, பார்த்துச் சொல்கிறேன்.