ஒன்றுவிட்ட அண்ணனும் கசினும்

வணக்கம் அக்கா,
பெரியம்மாவின் மகன் கனடாவில் இருக்கிறார். அவரிடம் போய்வர விசா விண்ணப்பம் நிரப்புகிறேன். 'ஒன்றுவிட்ட அண்ணன்' என்பதை ஆங்கிலத்தில் 'கசின் ஒன்ஸ் ரிமூவ்ட்' என்று எழுதினேன். கிளிநொச்சியில் ரைப் அடித்த பெடியன் பிழை என்கிறான். சரிதானா?
– ஒரு வாசகர், புதுக்குடியிருப்பு

அன்பான தம்பி,
அவன் சொன்னதுதான் சரி. பெரியம்மாவின் மகன் வெறும் 'பர்ஸ்ட் கசின்'. எங்கள் 'விட்ட' பக்கவாட்டில் விலகுவது. அவர்களின் 'ரிமூவ்ட்' ஒரு தலைமுறை மேலேயோ கீழேயோ போவது. அந்த அண்ணனுக்குப் பிள்ளை இருந்தால் அதுதான் உங்களுக்கு 'பர்ஸ்ட் கசின் ஒன்ஸ் ரிமூவ்ட்'. எங்கள் கணக்கில் நீங்கள் அதற்குச் சித்தப்பா, அவ்வளவுதான். உங்கள் பிள்ளையும் அதுவும் தங்களுக்குள் 'செக்கன்ட் கசின்'.

போன ஆவணியில் விசுவமடுவில் ஒரு கல்யாணவீடு. வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளை, பக்கத்தில் நின்ற பெடியனை "என்ர கசின்" என்றாள். பலகாரத் தட்டோடு வந்த ஆச்சி அசையவில்லை.
"ஆற்ற பெடியன் மோனை? தாய் பக்கமோ, தேப்பன் பக்கமோ?"
"அப்பான்ர தங்கச்சியின்ர மகன்."
"அப்ப மச்சானெண்டு சொல்லன்!"
பெடியன் அதற்குப் பிறகு பயித்தம் பணியாரத்தை விட்டுத் தலை நிமிரவில்லை. ஆச்சிக்கு வேண்டியது ஒன்றுதான்: கட்டலாமா, கூடாதா? அத்தையின் மகன் மச்சான், பெரியம்மாவின் மகன் அண்ணன். 'கசின்' இரண்டு பேரையும் ஒரே வாங்கில் இருத்திவிடுகிறது.

அந்தச் சொல்லும் பிறக்கும்போது அப்படி இருக்கவில்லை. அதன் லத்தீன் மூலம் 'கொன்சொப்ரீனுஸ்', முதலில் தாயின் சகோதரியின் பிள்ளையைத்தான் குறித்தது. உங்கள் அண்ணனேதான்! சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளுக்கும் அத்தை பிள்ளைகளுக்கும் ரோமரிடம் வேறு வேறு சொற்கள் இருந்தன. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது எல்லாம் கலந்துவிட்டது. பிறகு இங்கிலாந்து அரசர்கள் உறவே இல்லாத பிரபுக்களையும் 'கசின்' என்று விளித்தார்கள். நாங்கள் மட்டும் என்னவாம்? ஓட்டோக்காரரையும் மச்சான் என்கிறோம், சிங்கள நண்பர்களும் எங்களை மச்சான் என்கிறார்கள்.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். 'கசின்' என்று மட்டும் போடுங்கள். இடமிருந்தால், 'அவருடைய தாயும் என் தாயும் சகோதரிகள்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சேருங்கள். விசா பார்க்கிறவருக்குப் பெரியம்மா என்றால் விளங்காது.