ஆவணிக் கல்யாணமும் மார்பில் வந்த கட்டியும்

கேள்வி: எனக்கு வயது 47. மட்டக்களப்புப் படுவான்கரையில் வெல்லாவெளிப் பக்கம் இருக்கிறேன். இடது மார்பில் ஒரு கட்டி. நோவில்லை என்றபடியால் ஏழெட்டு மாதம் பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது பயோப்சி (கட்டியில் ஊசியால் சதை எடுத்துப் பார்ப்பது) ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. மார்பை எடுக்க வேண்டும், இரண்டு கிழமையில் வார்டுக்கு வாங்க என்று சேர்ஜன் சொல்கிறார். மகளுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தால் எல்லாம் குழம்பிவிடும். இன்னும் நாலு மாதம்தானே, அதுவரை தள்ளிப்போடலாமா? கத்தி பட்டால் பரவும், அன்னமுன்னா இலையை அவித்துக் குடி என்று அக்கா சொல்கிறா. என்ர மனுசன் ஒரு கதையும் கதைக்கிறார் இல்லை. நான் பாய் இழைக்கிற ஆள், கை பழையபடி வருமா? ஒரு மார்போடு கோயிலுக்குப் போவது எப்படி என்று நினைத்தால் நித்திரை வருகுதில்லை.

மருத்துவர் பதில்:

தங்கச்சி, முதலில் திகதியைப் பேசுவோம். ஆவணி வரை தள்ளிப்போடாதீங்க. சேர்ஜன் தந்த நாளிலேயே வார்டுக்குப் போங்க.

நோய் உறுதியான நாளிலிருந்து சத்திரசிகிச்சை வரைக்கும் சில கிழமைகள் போவது வழமை. ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் அந்த நாட்களில்தான் நடக்கும். அதற்காகப் பதற வேண்டாம். நாலு மாதம் என்பது வேறு கதை. மார்பில் இருக்கும் நோய் முதலில் கமக்கட்டில் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் போகும், பிறகு எலும்பு, ஈரல், நுரையீரல் என்று நகரும். எந்த மாதத்தில் அந்த எல்லையைத் தாண்டும் என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. நல்ல பதிவுகள் வைத்திருக்கும் நாடுகளில், கட்டி மார்புக்குள் நிற்கும்போதே சிகிச்சையைத் தொடங்கி முழுதாக முடித்த பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து வருடம் கடந்தும் வாழ்கிறார்கள். வேறு உறுப்புக்குப் போன பிறகு வருபவர்களின் கணக்கு அப்படி இல்லை. ஏழெட்டு மாதம் போய்விட்டதே என்று உங்களை நீங்களே குத்திக்கொள்ளாதீங்க. இந்தக் கட்டி பெரும்பாலும் நோகாது, அதனால்தான் நம் பெண்கள் ஏமாந்துபோகிறார்கள். ஆனால் இனிப் போகும் நாட்கள் நம் கையில் இருக்கின்றன.

அக்கா சொன்னதை நான் கோபமில்லாமல்தான் கேட்கிறேன். அவ உங்கள் மேல் உள்ள பாசத்தில் சொல்கிறா. கத்தி பட்டால் பரவும் என்ற கதை எப்படி வந்தது தெரியுமா? அந்தக் காலத்தில் கட்டி வெடித்துப் புண்ணாகி நாறத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவார்கள். அதற்குள் நோய் உடம்பெல்லாம் போயிருக்கும். வெட்டிய சில மாதத்தில் ஆள் இறந்துவிட்டால், ஊரின் கண்ணுக்குக் கத்திதான் தெரிந்தது, அதற்கு முன் போன ஒன்றரை வருடம் தெரியவில்லை. பயோப்சி ஊசியாலும் நோய் பரவுவதில்லை. அன்னமுன்னா இலை மனிதரின் புற்றுநோயைக் குணமாக்கியதாக நம்பத்தக்க சான்று எதுவும் கிடையாது. ஒரு கோப்பை குடிப்பதைவிட, அதைக் குடித்துப் பார்ப்போம் என்று கிளினிக்கை விடுவதுதான் உயிரைக் கொண்டுபோகிறது. கீமோ என்னும் புற்றுநோய் மருந்து ஏற்றும் நாட்களில் எந்தக் கசாயமும் புற்றுநோய் நிபுணரிடம் சொல்லாமல் குடிக்க வேண்டாம். மருந்தோடு சேர்ந்து ஈரலைக் கெடுக்கக்கூடியவை அவற்றில் உண்டு.

இதோடு சாப்பாட்டுக் கதையையும் முடித்துவிடுகிறேன். ஒப்பரேஷன் முடிந்து வந்ததும் கிரந்தி, அதாவது புண்ணைக் கிளப்பும் சாப்பாடு, என்று சொல்லி மீன், முட்டை, இறால், கத்தரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்தி, சோறும் சொதியுமாகத் தருவார்கள். காயம் ஆறப் புரதம் வேண்டும். மீனையும் முட்டையையும் பருப்பையும் நன்றாகச் சாப்பிடுங்க. கீமோ நடக்கும் மாதங்களில் மட்டும் எல்லாம் நன்றாக வெந்ததாக இருக்கட்டும். பச்சைப்பாலில் தோய்த்த சட்டித் தயிரையும் அந்த நாட்களில் தவிர்த்துவிடுங்க.

மார்பு முழுவதையும் எடுக்கத்தான் வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சேர்ஜனிடம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கட்டியையும் சுற்றியுள்ள கொஞ்சச் சதையையும் மட்டும் எடுத்து, பிறகு சனம் ‘கரண்ட் பிடிக்கிறது’ என்று சொல்லும் கதிர்ச் சிகிச்சை கொடுத்தால், பொருத்தமான பெண்களுக்கு முழு மார்பையும் எடுத்ததற்குச் சமமான ஆயுள் கிடைக்கிறது. இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பெண்களை இருபது வருடம் தொடர்ந்து பார்த்து 2002ல் வெளியிட்ட இரண்டு பெரிய ஆய்வுகள் இதைக் காட்டின. கட்டி பெரிதாக இருந்தால், அல்லது மார்பில் பல இடத்தில் இருந்தால், இது சரிவராது. ‘எனக்கு ஏன் முழுதாக எடுக்க வேண்டும்?’ என்று நேரே கேளுங்க. காரணம் தெரிந்து இழப்பதற்கும் தெரியாமல் இழப்பதற்கும் பிறகு மனதில் பெரிய வித்தியாசம் இருக்கும். ரிப்போர்ட்டில் ஈஆர், பீஆர், ஹெர்-2 என்று மூன்று விசயம் எழுதியிருக்கும். முதல் இரண்டும் கட்டி ஹோர்மோனால் வளர்கிறதா என்பதைக் காட்டும், மூன்றாவது கட்டியை வேகமாக வளர்க்கும் ஒரு புரதம். முதல் இரண்டில் ஒன்றாவது பொசிட்டிவ் என்றால், பிறகு தமொக்ஸிஃபென் போன்ற ஒரு குளிசையை நாளுக்கு ஒன்றாகக் குறைந்தது ஐந்து வருடம் எடுக்க வேண்டி வரும். அந்தச் சின்னக் குளிசை பெரிய காவல். உடம்பு சுகமாகிவிட்டது என்று இடையில் விட்டுவிடாதீங்க.

இனி, உங்களை உண்மையில் நித்திரையில்லாமல் வைத்திருக்கும் விசயம், மாப்பிள்ளை வீடு.

இது தொற்றாது. ஒரே கோப்பையில் சாப்பிட்டாலும், ஒரு பாயில் படுத்தாலும் தொற்றாது. பரம்பரை நோய் என்று பேசுவார்கள் என்பதுதான் உங்கள் பயம். இந்த நோய் வரும் பெண்களில் பெரும்பாலானோரின் குடும்பத்தில் முன்பு ஒருவருக்கும் வந்ததில்லை. நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் பரம்பரையாக வரும் மரபணு மாற்றம் காரணமாக இருக்கிறது. நம் ஊரில் குடி என்னும் குலவழி தாய்வழியாகப் போவதால் இதையும் தாய்வழியாகத்தான் வரும் என்று நினைத்துவிடுகிறோம். அப்படியில்லை. அந்த மரபணு தகப்பன் வழியாலும் அதே அளவுக்கு வரும். ஆகவே பெண் வீட்டைப் பார்த்து விரல் நீட்ட மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு நியாயமும் இல்லை. உங்கள் தாய், சகோதரிகள், தகப்பனின் சகோதரிகள் யாருக்காவது ஐம்பது வயதுக்கு முன் மார்பிலோ, எந்த வயதிலாவது சூலகத்திலோ புற்றுநோய் வந்திருந்தால் நிபுணரிடம் சொல்லுங்க. மகள் நாற்பதை நெருங்கும்போது தன் மார்பைப் பற்றி வைத்தியரிடம் கதைத்து, மமோகிராம் என்னும் மார்பு எக்ஸ்ரே எப்போது தொடங்குவது என்று முடிவெடுக்கட்டும். இப்போதைக்கு மாதம் ஒரு தடவை தடவிப் பார்க்கப் பழகினால் போதும். 35 வயதானதும் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில் பெண்களைப் பரிசோதிக்கும் வெல் வுமன் கிளினிக்குக்குப் போகட்டும்.

ஆனால் மகளுக்கு மறைக்காதீங்க. அவளுக்கு 23, 24 வயது இருக்கும் என்று நினைக்கிறேன். தாய் தன் கல்யாணத்துக்காக நோயை வளரவிட்டாள் என்று பிறகு தெரிய வந்தால், அந்தப் பாரத்தை அவள் சாகும்வரை சுமப்பாள். இப்படி ஒரு மகளை நான் கண்டிருக்கிறேன். பல வருடத்துக்கு முன், தாயின் படுக்கைக்குப் பக்கத்தில் தாலியோடு நின்று, ‘அம்மா ஏன் சொல்லல்ல’ என்று என்னிடம் கேட்டாள். எனக்குச் சொல்லப் பதில் இருக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு எப்போது, யார் மூலம் சொல்வது என்பதை மகளோடு சேர்ந்து முடிவெடுங்க.

கணவர் கதைக்காததை வெறுப்பு என்று எடுக்காதீங்க. நம் ஆண்களுக்குப் பயத்தைச் சொல்லப் பழக்கமில்லை, வாய் அடைத்துப்போகும். அடுத்த கிளினிக்குக்குக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போய், வைத்தியரின் முன்னால் அவரை இருத்துங்க. அவருக்கும் கேள்விகள் இருக்கும். ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், காயம் ஆறிய பிறகு தாம்பத்தியத்துக்கு எந்தத் தடையும் இல்லை.

ஒப்பரேஷன் முடிந்து கண் விழிக்கும்போது பக்கத்தில் ஒரு டியூபும் போத்தலும் இருக்கும். காயத்துக்குள் ஊறும் நீரை எடுப்பதற்கு அது. பெரும்பாலும் ஒரு கிழமை, சிலருக்கு இரண்டு கிழமை இருக்கும். மேல்கையின் உள்பக்கம் மரத்துப்போன மாதிரி இருக்கும், அது பலருக்கு மாதக்கணக்கில் இருக்கும். அடுத்த நாளே கைவிரலை மடக்கி நீட்டத் தொடங்குங்க, முழங்கையையும் மடக்குங்க. டியூப் கழற்றும்வரை கையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டாம். பிறகு சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் ஏறுவது போல நாளுக்கு நாள் கொஞ்சம் உயரமாகப் போங்க. நோகுமே என்று கையை மார்போடு அணைத்தே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும்.

சிகிச்சைக்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலேயே புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஓட வேண்டியதில்லை. கீமோ தேவை என்றால் ஒப்பரேஷன் முடிந்து சில கிழமையில் தொடங்குவார்கள். ஆவணியில் கல்யாண நாள் அதற்குள் விழக்கூடும். திகதியை முன்கூட்டியே நிபுணரிடம் சொன்னால் ஊசி நாளைக் கொஞ்சம் முன்பின்னாக மாற்ற முடியுமா என்று பார்ப்பார். முடி இருக்காது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். முதல் ஊசி போட்டு இரண்டு மூன்று கிழமையில் கொட்டத் தொடங்கும், எல்லாம் முடிந்ததும் திரும்ப வளரும். ஒரு விசயத்தை மட்டும் கவனமாகக் கேளுங்க. கீமோ நாட்களில் காய்ச்சல் 38 பாகை, அதாவது 100.4க்கு வந்தால் விடியும்வரை பார்க்காதீங்க, பனடோல் போட்டுப் படுக்காதீங்க. இரவில் மண்டூர்ப் பாதையை, வாவியைக் கடக்கும் அந்த மிதவையை, நம்பியிருக்கவும் முடியாது. 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்காவது உடனே போய், கீமோ எடுக்கிறேன் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்க.

கோயில் விசயம். என் கிளினிக்குக்கு தம்பிலுவில் பக்கமிருந்து ஒரு அம்மா வருவா. மார்பு எடுத்து ஆறாவது மாதம், வைகாசிச் சடங்குக்குப் போய்வந்த கதையைச் சொன்னா. பொம்பிளைகளோட இருக்க வெட்கமாக இருக்கல்லையா என்று கேட்டேன். ‘எங்கட அம்மாளும் ஒண்டத் திருகி எறிஞ்சவதானே டொக்டர், அவட வாசலில எனக்கென்ன வெட்கம்’ என்றா. கண்ணகியைக் கும்பிடும் ஊரில் பிறந்திருந்தும் எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. வெளியே போகும்போது காயம் ஆறும்வரை சட்டைக்குள் மெல்லிய துணிப்பை தைத்துப் பஞ்சு வையுங்க. இரண்டு மாதம் கழித்து அதற்குள் கொஞ்சம் கடுகு சேர்த்துப் பாரத்தைச் சரிசெய்யலாம். ஒரு பக்கம் பாரம் குறைந்தால் நாளாக நாளாக முதுகு நோகும்.

பாய் இழைக்கலாம். முதல் மாதம் பாய்க்கான பன் புல்லை வாராதீங்க, இழுத்துக் கிழிக்கும் வேலையும் வேண்டாம். ஐந்தாறு கிழமையில் சின்னப் பெட்டி ஒன்றில் தொடங்கி, கை சொல்கிறபடி நேரத்தைக் கூட்டுங்க. கமக்கட்டு முடிச்சுகளை எடுத்தவர்களுக்குக் கை வீங்கும் வாய்ப்பு வருடங்கள் போனாலும் உண்டு. பன் கீறிய சின்னக் காயத்தையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்க. கை சிவந்து சூடாகினால் அன்றைக்கே வைத்தியரைக் காணுங்க. அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழும்பிக் கையை நீட்டி மடக்குங்க. மகளுக்கென்று ஏதும் பாய் பாதியில் நின்றால், விளிம்பு கட்டும் வேலையை அக்காவிடம் கொடுத்துவிடுங்க. கசாயம் அவித்துத் தர நினைத்த கைக்கு அது நல்ல வேலை.