ஒவ்வொரு தூணும் பாதுகாப்பு என்றால் முழுக் கட்டடமும் பாதுகாப்பா?

கேள்வி: தூண், உத்திரம் என்று தனித்தனியாகக் கணக்குப் போட்டு எல்லாம் சரியாக வந்துவிட்டால், மொத்தக் கட்டடத்தையும் நம்பலாமா?

நம்பக் கூடாது. கடலூரில் கட்டமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். பழைய கட்டடங்களைச் சோதிப்பதுதான் பெரும்பாலான வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தூணின் வலு ஒரே எண்ணில் நிற்பதில்லை. எம்25 கான்கிரீட் என்றால், சோதனைக் கட்டிகளில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் 25 மெகாபாஸ்கல் (சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன்) வலுவுக்குக் கீழே போகக் கூடாது என்று பொருள். அதனால்தான் கலவையைச் சராசரி 31.6 வரும்படி வடிவமைக்கிறோம். பாரமும் இப்படித்தான் ஏறி இறங்கும். பாரம் வலுவைத் தாண்டிவிடும் வாய்ப்பை பீட்டா என்ற நம்பகக் குறியீட்டால் சொல்வோம். பீட்டா 3 என்றால் ஆயிரத்தில் ஒன்றுக்குச் சற்று மேல், 3.8 என்றால் லட்சத்தில் ஏழு.

அப்புறம்தான் அமைப்பு. பாரம் போக மாற்று வழியே இல்லாத இரும்பு டிரஸ்ஸில் (கம்பிகளை முக்கோணங்களாக இணைத்த சட்டகம்) ஓர் உறுப்பு போனால் எல்லாம் போச்சு. ஒவ்வொன்றும் உடையும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுதான் என்றாலும், பத்து உறுப்பு சேர்ந்தால் ஆபத்து நூற்றில் ஒன்றாகிவிடும். இரண்டு தூணில் எது தனியாக நின்றாலும் முழுப் பாரத்தையும் தாங்கும் என்று வையுங்கள். இரண்டும் போகும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. ஆனால் ஒன்றின் குறைக்கும் மற்றதன் குறைக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. நம் கடற்கரையில் அடி வாங்குவது இந்த இடத்தில்தான்.

தேவனாம்பட்டினம் பக்கம் கடலைப் பார்த்த வீடுகளில் தரைத்தளத் தூணைக் கொஞ்சம் கொத்திப் பார்த்தாலே தெரியும். உடைத்த இடத்தில் ஃபினால்ப்தலின் தெளித்தால் நல்ல கான்கிரீட் ரோஸ் நிறமாகும். கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை போன பகுதி நிறம் மாறாது. அந்த நிறமில்லாத பட்டை கம்பி வரைக்கும் போயிருக்கும். கடலோரத்துக்கு ஐஎஸ் 456 என்ற இந்தியக் கான்கிரீட் விதிநூல் கேட்பது 45 மி.மீ. கவர் (கம்பிக்கு மேல் மூடியிருக்கும் கான்கிரீட்), இருப்பது 25. கம்பி போகும் வழியிலேயே நெடுக விரிசல், அதில் துருக்கறை. பக்கத்துத் தூணும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. ஒரே மேஸ்திரி, ஒரே கவர் பிளாக், ஒரே உப்புக்காற்று. இதில் ஒன்றுக்கு ஒன்று கைகொடுக்கும் என்று எப்படி நம்புவது?

காற்றும் எல்லாத் தூணையும் ஒரே நேரத்தில்தான் தள்ளும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வடிவமைப்புக்கு எடுக்கும் 50 ஆண்டுக் காற்று (சராசரியாக 50 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கும் வேகம்), வீட்டின் 50 ஆண்டு ஆயுளுக்குள் ஒருமுறையாவது வரும் வாய்ப்பு 64 சதவீதம். காற்றுப் பாரத்துக்கான விதிநூல், 2015-இல் திருத்திய ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி, புயல் கரையோரத்தில் மருத்துவமனை, பள்ளிகளுக்குக் காற்றின் வேகத்தை 1.3 மடங்காக எடுக்கச் சொல்கிறது. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அது கிட்டத்தட்ட 1.7 மடங்கு. சாதாரண வீட்டுக்கு இந்தக் கூடுதல் கிடையாது.

முழு அமைப்பையும் மதிப்பிட மான்டி கார்லோ முறை நல்லது. பாரத்தையும் வலுவையும் கணினியில் லட்சக்கணக்கான தடவை மாற்றிப் போட்டு, எத்தனை தடவை விழுகிறது என்று எண்ணுவோம். உங்களுக்கு அப்படி அறிக்கை தந்தால், தூண்களுக்கு இடையே ஒட்டுறவுக் கெழு (ஒன்றின் குறை மற்றதன் குறையோடு எவ்வளவு சேர்ந்து வரும் என்ற அளவு) எவ்வளவு எடுத்தார்கள் என்று கேளுங்கள். சுழியம், அதாவது சம்பந்தமே இல்லை, என்றால் திருப்பிக் கொடுத்து மறுபடி போடச் சொல்லுங்கள்.