24,000 டொலரில் கையில் எவ்வளவு நிற்கும்?

கேள்வி: கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பொதியிடல் தொழிற்சாலையில் 11 வருடம் வேலை செய்தேன். கிழமைக்கு 1,000 டொலர் சம்பளம். 2024 ஜனவரியில் திடீரென்று நிற்பாட்டினார்கள். சட்டப்படியான 19 கிழமைச் சம்பளமும் விடுமுறைப் பணம் 1,000 டொலரும் தந்தார்கள். அது முடிந்தபின் கிழமைக்கு 550 டொலர் வீதம் 22 கிழமை ஈ.ஐ. (அரசின் வேலையிழப்புக் காப்புறுதி) எடுத்தேன். நவம்பரில் வேறு வேலை கிடைத்தது. வழக்குப் போட்டிருந்தேன், இப்போது கொம்பனி 24,000 தருகிறோம் என்கிறது. சட்டத்தரணிக்கு 6,000. இதில் ஈ.ஐ.க்கும் திருப்பிக் கட்ட வேண்டுமாம். இத்தனை வருடம் நான் கட்டிய பிறீமியம் எதற்கு? மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் என்னை அவமதித்தார். என் இடத்துக்கு இளம் பெடியனை எடுத்தார்கள். இப்போதெல்லாம் செவரன்ஸ் (வேலை பிரிந்ததற்குத் தரும் பணம்) ஈ.ஐ. கணக்கில் வராது என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?

பதில்: மேற்பார்வையாளர் நடந்த விதமோ நீங்கள் கட்டிய பிறீமியமோ இந்தக் கணக்கில் ஒரு டொலரைக்கூட மாற்றாது. இந்தப் பணம் எந்தக் கிழமைகளுக்குரியது என்பதுதான் கேள்வி. வேலை பிரிந்ததற்காகத் தரும் பணம் எப்போது கைக்கு வந்தாலும், வேலை நின்ற கிழமையிலிருந்து உங்கள் வழமையான சம்பள அளவில் கிழமை கிழமையாகப் பதியப்படும். முன்பு வாங்கிய பணம் முதல் 20 கிழமையை நிரப்பிவிட்டது. புதிய பணம் 21ஆவது கிழமையிலிருந்து பதியப்படும். நீங்கள் ஈ.ஐ. எடுத்த காலம் அதுதான்.

நண்பர் சொல்வது 2025 மார்ச் 30இல் தொடங்கிய தற்காலிகச் சலுகை. உங்கள் கிழமைகள் முழுவதும் 2024க்குரியவை. அது உங்களுக்கு உதவாது.

24,000இல் வழக்குச் செலவு 6,000 கழிந்தால் மிச்சம் 18,000, அதாவது 18 கிழமை. ஈ.ஐ. தொடங்கமுன் பணமில்லாமல் இருக்கவேண்டிய ஒரு கிழமைக் காத்திருப்பும் அதோடு பின்தள்ளப்படும். ஆகவே 18 கிழமை ஈ.ஐ., 9,900 டொலர், திரும்பிப் போகும். உங்களுக்கு நிற்பது 8,100, அதுவும் வரிக்கு முன். வேலை கிடைக்காமல் இருந்திருந்தால் அந்த 18 கிழமையைப் பிறகு எடுத்திருக்கலாம். வேலைக்குப் போய்விட்ட உங்களுக்கு அதனால் பயனில்லை.

ஆட்கள் மாட்டிக்கொள்வது கையெழுத்திடும் இடத்தில். திருப்பிக் கட்டவேண்டிய ஈ.ஐ.யைக் கணக்குப் பார்த்து, பிடித்து, அரசுக்கு அனுப்பிவிட்டே மிச்சத்தைத் தரவேண்டும் என்று ஈ.ஐ. சட்டத்தின் 46ஆவது பிரிவு கொம்பனிக்குத்தான் சொல்கிறது. ஆனால் பல உடன்படிக்கைகளில் "ஈ.ஐ. முழுவதும் ஊழியரின் பொறுப்பு" என்று ஒரு வரி இருக்கும். முழுத் தொகையும் வங்கிக்கு வரும். வீட்டுக் கூரைக்கும் கடன் அட்டைக்கும் போய்விடும். பிறகு கடன் அறிவித்தல் வரும். கட்டாவிட்டால் வரி மீளளிப்பிலேயே பிடிப்பார்கள். கையெழுத்திடமுன் கொம்பனியின் சட்டத்தரணி மூலம் ஈ.ஐ.யை நடத்தும் அரச அலுவலகமான சேர்விஸ் கனடாவிடம் தொகையை எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை அந்த அளவு பணம் சட்டத்தரணியின் நம்பிக்கைக் கணக்கில் (கட்சிக்காரரின் பணத்தைப் பிரித்து வைக்கும் கணக்கு) இருக்கட்டும்.

சட்டத்தரணியின் பில்லையும் கட்டாயம் சேர்த்து அனுப்புங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பில் இல்லாவிட்டால் 24,000 முழுவதும் பதியப்பட்டு நீங்கள் எடுத்த 22 கிழமையும், 12,100 டொலர், கேட்பார்கள். ஒரு காகிதத்தால் 2,200 டொலர் வித்தியாசம்.

அடுத்த பொறி, "எல்லாவற்றையும் பொது நட்டஈடு என்று எழுதுவோம், ஈ.ஐ. தொடாது" என்ற யோசனை. மனித உரிமை மீறலுக்கான நட்டஈடு வருமானமாகக் கணிக்கப்படாது என்பது உண்மை. ஆனால் அதை நிரூபிக்கவேண்டியவர் நீங்கள். இளம் பெடியனை எடுத்தது வயதுப் பாகுபாடு என்று உங்கள் வழக்கு மனுவிலேயே சொல்லி, ஆதாரமும் காட்டியிருந்தால் ஒரு நியாயமான பங்கை அப்படிப் பிரிக்கலாம். மனுவில் இல்லாததைக் கடைசி நாளில் உடன்படிக்கையில் எழுதினால் அது நிற்காது. பணத்தை ஆர்ஆர்எஸ்பி என்ற ஓய்வுகாலச் சேமிப்புத் திட்டத்துக்குள் போட்டாலும் ஈ.ஐ.க்கு அது வருமானம்தான். மிச்சமாவது வரி மட்டுமே.

இனி, தொடர்ந்து வழக்காடுவதா? வேண்டாம், தீர்த்துக்கொள்ளுங்கள். முன்பு 19 கிழமை, இப்போது 24 கிழமை, மொத்தம் 43. நீங்கள் வேலையில்லாமல் இருந்ததும் 43 கிழமைதான். அதற்குப் பிறகு புதிய வேலையில் உழைத்ததை நீதிமன்றம் நட்டஈட்டிலிருந்து கழிக்கும். இதைவிடப் பெரிய தொகைக்கு உங்களிடம் வலுவான வழி இல்லை. பேரம் பேசினாலும் ஒன்றைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்: 28,000 வாங்கினால், சட்டச் செலவு அதே 6,000ஆக இருந்தால், கூடும் 4,000இல் 2,200 ஈ.ஐ.க்குப் போகும், 1,800தான் உங்களுக்கு. நீங்கள் எடுத்த 22 கிழமையும் அதோடு முடிந்துவிடுவதால், 28,000ஐத் தாண்டும் டொலரில்தான் ஈ.ஐ. கைவைக்காது. அந்த 1,800க்காக இன்னொரு வருடம் சட்டத்தரணிக்குக் கட்டாதீர்கள்.

15,000க்கு மேற்பட்ட ஒருமொத்தத் தொகையில் கொம்பனி 30 வீதம் வரி பிடிக்கும். சட்டச் செலவையும் திருப்பிக் கட்டிய ஈ.ஐ.யையும் வரிப் படிவத்தில் கழியுங்கள். சேர்விஸ் கனடாவின் கணக்குப் பிழை என்று கண்டால், முடிவு கிடைத்த 30 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கவேண்டும். கடித உறையைக்கூட எறியாமல் திகதியோடு வைத்திருங்கள்.