கணக்குப் பாடம்: கேட்டவர்களுக்குப் பதில்

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பத்து வரை கணக்கு எடுக்கிறேன். பாடத் தயாரிப்பு பற்றி வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குச் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்பு, தனிவட்டி. "அசல் 5,000, வீதம் 8" என்றதுமே பிள்ளைகளுக்குத் தூக்கம் வருகிறது.

தண்டலில் ஆரம்பியுங்கள். கடன் 10,000 ரூபாய். 1,500 பிடித்தம் போகக் கையில் 8,500. தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். இதைக் கரும்பலகையில் எழுதி "வட்டி எத்தனை சதவீதம்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். 15 என்பார்கள். கைக்கு வந்தது 8,500தானே என்று ஒருத்தி எழுவாள், 17.6 ஆகும். அப்புறம் கேளுங்கள்: ஐம்பதாம் நாள் அந்த 8,500 முழுதும் கையில் இருக்கிறதா? தினம் கட்டிக்கொண்டே வருவதால் சராசரியாகப் பாதிதான் நிற்கும், சுமார் 4,250. அதற்கு 100 நாள் வட்டி 1,500. ஆண்டுக்குப் பார்த்தால் 125 சதவீதத்தைத் தாண்டும். வகுப்பு அமைதியாகிவிடும். சூத்திரத்தை அப்போது எழுதுங்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம். "உங்கள் வீட்டில் யார் தண்டல் வாங்கியிருக்கிறார்கள்?" என்று கேட்காதீர்கள். நான் ஒருமுறை கேட்டேன். ஒரு பையன் தலையைக் குனிந்தவன் மணியடிக்கும்வரை நிமிரவில்லை.

கோலத்தை வைத்து என்ன எடுக்கலாம்?

1, 3, 5, 7, 5, 3, 1 என்று நேர்ப்புள்ளி வைக்கச் சொல்லுங்கள். மொத்தம் 25. தாளைச் சாய்த்துப் பார்த்தால் 4×4 சதுரமும் 3×3 சதுரமும் ஒன்றுக்குள் ஒன்று தெரியும். நீங்கள் காட்ட வேண்டாம், அவர்களே பார்க்கட்டும்.

மின்கட்டண ரசீது?

நல்ல பாடம். உங்கள் வீட்டு ரசீதைக் கொண்டுபோங்கள். பிள்ளைகளைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள், காரணம் மேலேயே இருக்கிறது.

ஜேஇஇ பயிற்சிக்கு?

என் துறை இல்லை.

கணக்கில் "ராமு மாங்காய் வாங்கினான்" என்று மாற்றினால் போதாதா?

போதாது. ராமு எத்தனை மாங்காய் வாங்கினான் என்று தெரிந்துகொள்ள எந்தப் பிள்ளைக்கும் ஆசை இல்லை.

பித்தாகரசுக்கு முன்பே போதாயனர் தமிழில் பாடிவிட்டார். வர்க்கமூலமே தேவையில்லை. அதை ஏன் நடத்துவதில்லை?

நான் நடத்துகிறேன். செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தை, அதாவது செங்கோணத்துக்கு எதிரே இருக்கும் நீளமான பக்கத்தை, கண்டுபிடிக்க அந்தப் பாட்டு சொல்லும் விதி இதுதான்: மற்ற இரண்டில் பெரிய பக்கத்தை எட்டாக்கி ஒரு பங்கைத் தள்ளு, சின்னப் பக்கத்தில் பாதியைச் சேர். 4, 3 என்றால் 3.5 + 1.5 = 5. 12, 5 என்றால் 10.5 + 2.5 = 13. அழகாக வருகிறது. 24, 7 போடுங்கள்: 21 + 3.5 = 24.5. சரியான விடை 25. ஆகவே இது தோராய விதி.

தமிழர் அறிவைக் குறைத்துப் பேசுகிறீர்கள்.

இல்லை. மனக்கணக்காகவே இவ்வளவு நெருங்கும் விதியைக் கண்டுபிடிப்பது பெரிய காரியம். ஆனால் போதாயனரின் சுல்ப சூத்திரம் வடமொழி நூல். அதில் இருப்பது தோராயம் அல்ல: செவ்வகத்தின் மூலைவிட்டத்தின் மேல் வரையும் சதுரம், இரு பக்கச் சதுரங்களும் சேர்ந்ததற்குச் சமம். இரண்டும் வேறு வேறு.

ஒர்க்‌ஷீட் பிடிஎஃப் அனுப்ப முடியுமா?

நாலாவது ஆள் நீங்கள். அனுப்ப மாட்டேன். உங்கள் ஊர்க் கணக்கை நீங்கள்தான் எழுத வேண்டும்.

தோராயம் என்றால் அந்தப் பாட்டை வகுப்பில் எதற்குச் சொல்ல வேண்டும்?

இதற்குத்தான் காத்திருந்தேன். விதி சரியா தவறா என்று நீங்கள் சொல்லாதீர்கள். 4, 3 போட்டு நம்பவைத்துவிட்டு, "இது எங்கே உடையும்?" என்று குழுவாகத் தேடவிடுங்கள். சின்னப் பக்கத்தைக் குறைத்துக்கொண்டே போவார்கள். 100, 1 வரும்போது 87.5 + 0.5 = 88. "சார், கர்ணம் பக்கத்தைவிடச் சின்னதா இருக்கு!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்.